பன்னிரண்டாம் ஏட்டின் முகம்

மனோசிலையை அரைக்க அவசரம் ஆகாது, ஐயா. ஓவிய வண்ணத்துக்கான செம்மஞ்சள் கல் அது. நீர் தெளித்துத் தெளித்து மாவாகும்வரை அரைக்க வேண்டும். சூசோ நகரில் என் அளவுக்கு அதை அரைப்பவர் இல்லை. பெருமைக்குச் சொல்லவில்லை, கேட்டீர்கள், சொல்கிறேன்.

உப்பு வணிகர் காவ் எங்கள் ஓவியக் கூடத்தில் ஒரு படத் தொகுப்புக் கேட்டிருந்தார். நரிப்பெண் ஒருத்தி ஏழை மாணவனை மணக்கும் கதை. இங்கே குழந்தைக்கும் தெரிந்ததுதான். பன்னிரண்டு ஏடுகள். பாறை, மரம், ஆடை எல்லாம் மூத்தவனான நான் தீட்டுவேன். முகத்தை மட்டும் வெறுமையாக விட்டுக் கொடுப்பேன். அதைத் தெங் யாவ் எழுதுவான். மேற்குச் சீமையிலிருந்து வந்தவன், என்னைவிட மிகவும் இளையவன், கெட்டவன் அல்ல.

ஓர் ஏட்டுக்கு நான் மாதக்கணக்கில் உழைப்பேன். அவன் ஒரு காலைப்பொழுதில் முடித்துவிடுவான். காவ் வந்தால் நேரே முகத்தைத்தான் பார்ப்பார்.

"கூப்பிட்டா திரும்பிப் பாப்பா போலிருக்கே" என்பார். பிறகு ஞாபகம் வந்தவராக என் பக்கம் திரும்பி, "துணியும் நல்லாத்தான் இருக்கு, பாவ். தையக்காரன் தோத்தான் போ" என்பார்.

தெங் சிரிப்பான். "அண்ணே, நீங்க பாறை போடலேன்னா என் பொண்ணு எங்க போயி உக்காருவா?"

அன்பாகத்தான் சொன்னான். எனக்கு வயிறு எரிந்தது. என் மனைவிகூட அந்த முகங்களைப் பார்த்துக்கொண்டே நின்று சோற்றைக் கருகவிட்டாள். அதற்கெல்லாம் பொறாமைப்படும் ஆள் நான் இல்லை. மசாலா அரைத்தவள் ஒருத்தி, குழம்புக்குப் பேர் வாங்குபவள் வேறொருத்தி என்பது முறையாகப் படவில்லை, அவ்வளவே.

ஐந்தாம் மாதத் திருநாளில் மனோசிலைத் தூளை மதுவில் கலந்து குடிப்போம், பூச்சிபொட்டு அண்டாது என்று. குளிர்ந்தபடிதான் குடிப்போம். அந்தக் கல்லைத் தீயில் காட்டினால் நஞ்சு. வண்ணம் அரைப்பவனுக்கு அதுதான் முதல் பாடம். முகத்துக்கு அந்த நிறம் வேண்டாததால் தெங் அதை அரைத்ததே இல்லை.

"அண்ணே, பச்சையா குடிச்சா வயித்தப் பிசையுது. லேசா சுட வெச்சுத் தாங்களேன்" என்றான்.

"அதுக்கென்ன தம்பி, இரு" என்றேன்.

அவன் கேட்டது இளஞ்சூடு. நான் நன்றாகவே கொதிக்கவிட்டேன். எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்து எனக்குப் பழக்கமில்லை.

வாந்திபேதி என்றார் வைத்தியர். நானும் தலையாட்டினேன். சவப்பெட்டிக்கு நல்ல மரமாக நானே பார்த்து வாங்கினேன்.

பன்னிரண்டாவது ஏட்டில் முகம் எழுதாமல் கிடந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு நான் எழுதினேன். அவள் என்னைப் பார்த்தாள், ஐயா. காவ் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"சாகப்போற நேரத்துலயும் தெங் என்னமா எழுதியிருக்கான் பாரு. பன்னெண்டுலயும் இதுதான் ஒசத்தி" என்றார்.

அன்றே உங்கள் நீதிமன்ற வாசலுக்கு வந்தேன். யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை, நானாகத்தான் வந்தேன். மனசாட்சி உறுத்தியதாக உங்கள் எழுத்தர் எழுதியிருக்கிறார், அது இருக்கட்டும். தெங் யாவைக் கொன்றது நான்தான். எங்கே வேண்டுமானாலும் கைரேகை வைக்கிறேன். அதற்கு முன்னால் காவை இங்கே வரவழையுங்கள். அவர் காதில் விழும்படி உரக்கப் படியுங்கள்: அந்த முகத்தை எழுதியவன் பாவ் ஹெங்.