கோழித் துவையல்

தங்கச் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான கோரமண்டலின் குழாயடியில் எனக்கு முன்னால் நின்ற இரண்டு பெண்களில் இளையவள், "கோழியைத் துவையல் அரைச்சேன் அக்கா" என்றதும் என் காது தானாக அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டது. தண்ணீர் நூலாக வந்ததால் வரிசை நகரவில்லை, எனக்கும் அவசரமில்லை.

"இன்னாடி முனியம்மா, கோழியில துவையலா? யாருடி சொல்லிக் குடுத்தது?"

"துரை பங்களா சமையல்காரருதான். துரை ரொட்டியில தடவித் தின்னுறதாம். வெந்த கறியை மிளகு, வெண்ணெயோட அம்மியில மையா அரைக்கணுமாம். வெண்ணெய்க்கு நான் எங்க போறது? நல்லெண்ணெய் ஊத்திக்கினேன்."

"உங்க ஊட்டுக்காரரு தின்னாரா?"

"சுரங்கத்துல தாடையில கல்லு வுழுந்ததுல இருந்து கஞ்சித் தண்ணிதானே அக்கா. ஆளு துரும்பாப் பூட்டாரு. செவுத்துப் பக்கம் திரும்பிக்கினு படுத்துக் கெடந்தாரு, ஒரு பேச்சு இல்ல. நேத்து களியைக் கரைச்சி, இதைக் கலந்து ஊட்டினேன். மெல்லாமலே உள்ள பூடுச்சி. அப்புறம் வாயைத் தொறந்து, உப்பு பத்தலன்னாரு."

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். "கொறை சொல்ல ஆரம்பிச்சிட்டாரா? அப்ப எழுந்துடுவாருடி!"

"ஆனா எங்கிட்ட இருந்தது அந்த ஒரு கோழிதான் அக்கா."

அக்கா இடுப்புக் குடத்தைக் கீழே இறக்கினாள். "எங்க சேவலைப் புடிச்சிக்கினு போ."

"ஐயோ, அதுதானே அண்ணனை ஷிஃப்ட்டுக்கு எழுப்புது?"

"கம்பெனிச் சங்கு ஊதுதே, அதைக் கேட்டு எழுந்திருக்கட்டும். நீ உப்பை மட்டும் பார்த்துப் போடு."