செலிசோவின் ஆண் செடிகளை வெட்டியது பற்றிய வாக்குமூலம்

பெயர் மாபுலெங் ட்சோலோ, வயது ஐம்பத்திரண்டு, காலஞ்சென்ற ரமோலெட்சியின் மனைவி, ஹா மொலிசே கிராமம், மொகோட்லொங் மலைப்பகுதி, லெசோத்தோ.

நான் மேற்படி கிராமத்தில் குடியிருந்து, போர்வையும் ஆட்டு ரோமமும் கஞ்சாவும் வாங்கி விற்று வருகிறேன். கஞ்சாவுக்கு என்னிடம் உரிமம் இல்லை. புகார் கொடுத்த பக்கத்து வயல்காரர் செலிசோவிடமும் இல்லை. எங்கள் உயரத்தில் செடி பூத்து முற்றுவதற்குள் உறைபனி விழுந்து கருகிவிடும். ஆகவே ஆறு பருவங்களாக, முதலில் பூக்கும் பெண் செடியையும் முதலில் பூக்கும் ஆண் செடியையும் மட்டும் விட்டு, மற்றதைப் பிடுங்கி எறிந்து, விதை எடுத்து வந்தேன். ஊரார் வயலில் ஆண் செடி மொட்டு விடும் முன்பே என் செடி விதை பிடித்துவிடும். அந்த வேகம்தான் எனக்கு வேலி.

இந்தப் பருவம் செலிசோ, காற்று வரும் பக்கத்தில், நகரத்தில் பளபளப்பான பாக்கெட்டில் வாங்கிய வெளிநாட்டு விதையைப் போட்டார். அந்தச் செடி முழங்கால் உயரம், நனைந்த போர்வையின் வாசனை. ஆனால் என் செடி பூக்கும்போதே அதுவும் பூத்தது; அதன் மகரந்தம் கலந்தால் என் விதை கெட்டுவிடும். அதன் பிறகு நான் போய், ஆண் செடிகளைப் பிடுங்கச் சொன்னேன்.

"எது ஆணுன்னு எப்படிம்மா தெரியும்?" என்றார்.

"கெடாவ எப்படிடா கண்டுபிடிப்ப? குனிஞ்சு பாரு."

"பாக்கெட்டுல எல்லாமே பொட்டைன்னு போட்டிருக்கு. பொறாமையில பேசாதீங்க."

பாக்கெட்டை நம்புகிற ஆளோடு பேச எனக்கு நேரமில்லை. அதன் பிறகு, ரோமம் வெட்டும் கத்தரியோடு பட்டப்பகலில் அவர் வயலில் இறங்கி, ஆண் செடிகளை மட்டும் வெட்டி, வரப்பில் அடுக்கி வைத்தேன். செலிசோ தேநீர்க் குவளையோடு பார்த்துக்கொண்டு நின்றார். அவர் நஷ்டம் என்று எழுதிக் கொடுத்திருப்பதை எங்கள் ஊரில் இனாமாகக் கொடுத்தாலும் யாரும் புகைக்க மாட்டார்கள்.

வெட்டும்போதே என் போர்வையில் மஞ்சள் தூள் படிந்தது. அதாவது அவருடைய மகரந்தம் முன்பே காற்றில் போய்விட்டது. என் விதை கெட்டதா என்பது அடுத்த பருவம் விதைத்தால்தான் தெரியும். பழைய சுத்த விதையை முழுவதும் விதைத்துவிட்டேன். மீதி, போன பருவம் ஒருவர் தன் வீட்டுக் கொல்லைக்கென்று கேட்டு வாங்கிய ஒரு கைப்பிடிதான். அவர் இந்த வாக்குமூலத்தை எழுதும் போலீஸ் கார்ப்பரல் லெபாமாங்.

இதைச் சொன்னதும் கார்ப்பரல் பேனாவைக் கீழே வைத்தார். "அது எதுக்கும்மா இதுல?" என்றார்.

"எழுதுங்க ஐயா. இல்லன்னா கையெழுத்து கிடையாது. வெதச்சிட்டீங்களா?"

"இல்ல. வீட்டுல டப்பாவுலதான் இருக்கு."

அதையும் எழுதச் சொன்னேன். எழுதியதை வாசிக்கக் கேட்டேன். நான் வெட்டியதும் உண்மை, டப்பா இருக்கும் இடமும் உண்மை. இரண்டுக்கும் சேர்த்தே இந்தக் கையொப்பம்.

(ஒப்பம்) மாபுலெங் ட்சோலோ