கடைசி மடு கேட்டது

உச்சி வெயில். லுஹர் பாங்கு சொல்லி ஓய்ந்த நேரம். பாதையில் ஒரு காக்கைகூட இல்லை...

பாதை என்று சொன்னது ஒரு மரியாதைக்கு. உண்மையில் அது ஆறு. உன்னிச்சைக்கு அங்கால் காட்டுக்குள்ளிருந்து இறங்கி வாவியில் போய் விழும் சின்னாறு. மார்கழியில் பாலத்துக்கு மேலால் பாய்ந்து மாட்டையும் மனிதரையும் இழுத்துக்கொண்டு போகும். ஆவணியில் வெறும் மணல் தெரு. மோட்டார் சைக்கிள் ஓட்டலாம். லைசன்ஸ் கேட்கப் பொலிஸும் நிற்காது.

கொஞ்சம் நெருங்கி இருங்கள். கரண்ட் வரும்போது வரட்டும். உங்களைப் பயமுறுத்தச் சொல்லவில்லை, சொல்கிறவனுக்கும் முதுகுப்பக்கம் ஓர் ஆள் வேண்டும்.

இது நம் நளீருடைய மச்சான் றவூபுக்கு நடந்தது. பேய் என்பதா ஜின் என்பதா என்று சண்டை பிடிக்காதீர்கள். ஏறாவூரில் ஒரு பெயர், செங்கலடியில் ஒரு பெயர். நாற்றம் இரண்டுக்கும் ஒன்றுதான்.

றவூப் மீன் வியாபாரி. ரோட்டோரம் ஒரு சின்ன ஓட்டுக் கடை, மோட்டார் சைக்கிளின் பின்னால் மீன் போடுகிற வெள்ளை றெஜிபோம் பெட்டி, வாயில் ஓயாத பகிடி. மய்யித்து வீட்டுக்குப் போனாலும் மய்யித்தைத் தவிர மற்ற எல்லாரையும் சிரிக்க வைத்துவிட்டுத்தான் வருவான். அவன் பெண்சாதி றம்லாவுக்குக் கட்டார் மாப்பிள்ளை ஒன்று பேசி வந்தது. அவள் மாட்டேன் என்று இவனைக் கட்டினாள். "அவர்ர காசு மாசத்துக்கு ஒருக்கா வரும். இவர்ர பகிடி நாளைக்கு மூணு நேரம்" என்றாளாம். இந்தச் சங்கதி நடக்கும்போது அவளுக்கு வயிற்றில் ஆறு மாதம். தலைப்பிள்ளை.

அந்த வருடம் கடலும் கொந்தளித்துக் கிடந்தது, வாவியிலும் மீன் இல்லை. மிஞ்சியது சின்னாற்று மடுக்கள்தான். ஆறு வற்றும்போது ஒரேயடியாக வற்றாது. துண்டு துண்டாகும். பள்ளமான இடங்களில் மட்டும் தண்ணீர் தேங்கும். மூன்று மைல் ஆற்று மீனும் ஒரு வீட்டு முற்றமளவு மடுவுக்குள் வந்து அடையும். கொக்குக்குப் பெருநாள், முதலைக்குக் கந்தூரி. சனங்களும் ஒவ்வொரு மடுவாகக் கலக்கிப் பிடிப்பார்கள். ஆனால் மருத மரத்தடிக் கடைசி மடுவில் மட்டும் எவனும் கால் வைக்க மாட்டான்.

"அது ஆத்துட விதைநெல்லு" என்று தேத்தண்ணிக் கடையில் கோணாமலை சொல்லியிருந்தார். மடுவுக்குப் பக்கத்தில் எருமைப் பட்டி வைத்திருக்கிற மனிதர். "மழை வந்தா அதுக்குள்ள கிடக்கிறதுதான் ஆறு முழுக்கப் பரவும். விதைநெல்ல அவிச்சுத் திண்டவன் மறுகா எங்க விதைக்கிற?"

"நான் அவிக்கல்ல அண்ணன். பொரிச்சுத்தான் திங்கிற" என்றான் றவூப். கடை சிரித்தது. கோணாமலை சிரிக்கவில்லை.

மண்டூர்த் திருவிழா வந்தது. கோணாமலை எருமைகளைத் தம்பியின் வயல்வட்டைப் பக்கம் ஓட்டிச் சாய்த்துவிட்டு முருகனைப் பார்க்கப் போனார். அன்றுதான், அந்த உச்சி நேரத்தில், றவூப் வாட்டர் பம்பைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஆற்றுக்குள் இறங்கினான்.

மடு மஞ்சள் பச்சையாக இருந்தது. மேலே பாலாடை மாதிரி ஒரு பாசிப்படலம். அதில் எருமைச் சாணம், மருத இலை, கொக்கு எச்சம். ஓரத்தில் ஒரு செத்த உடும்பு. வயிறு ஊதி, உள்ளே ஏதோ நெளிந்துகொண்டிருந்தது. தண்ணீர் என்று சொல்ல நாக்குக் கூசும். காய்ச்சல்காரன் துப்பினதைச் சேர்த்து வைத்த மாதிரி... வெதுவெதுப்பாக, கொழகொழவென்று.

பம்பை இழுத்துவிட்டான். டட்டட்டட்... அரை மணித்தியாலத்தில் மடு தொண்டைக்குழி மாதிரி வற்றியது.

அடியில் மீன். மீனுக்கு மேல் மீன். விரால், கெளுத்தி, பனையேறி, எல்லாம் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு வாயைப் பிளந்தன. பெரியதைப் பொறுக்கிப் பெட்டிக்குள் போட்டான். விரல் நீளக் குஞ்சுகளைக் காலால் ஒதுக்கினான். வெயிலில் அவை வெடித்து, கண் வெள்ளையாகி, அந்த இடத்திலேயே அவியத் தொடங்கின. வெடுக்கு நாற்றம் மூக்குக்குள் விரல் விட்டுக் கிண்டியது. முழங்கால் வரை சுரி, கறுப்புச் சேறு. சுரிக்குள் வழுவழுவென்று என்னென்னவோ கால் விரல்களுக்கிடையில் நுழைந்து வெளியேறின. அட்டை ஒன்று தொடையில் ஏறிப் புளியங்கொட்டை மாதிரிப் பருத்துத் தொங்கியது. பிய்த்து எறிந்தான்.

பம்பை நிறுத்தினான். அப்போதுதான் கேட்டது.

பொளக்... பொளக்...

சுரியில் சின்னச் சின்னத் துவாரங்கள். புதைந்து கிடக்கும் விரால் மூச்சு விடும் துவாரம், அது அவனுக்குத் தெரியும். ஈரம் இருந்தால் மழை வரும்வரை அப்படியே கிடக்கும். ஆனால் நடுவில் ஒரு துவாரம் கொஞ்சம் பெரிது. அது திறந்து மூடும்போது உதடு மாதிரி ஒட்டிப் பிரிந்தது...

"மழை... வந்திட்டா?"

வாய் நிறையக் கஞ்சியை வைத்துக்கொண்டு கேட்ட மாதிரி. ஆணா பெண்ணா தெரியவில்லை.

றவூபுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. எவனோ மரத்துக்குப் பின்னால் நின்று பகிடி விடுகிறான். பகிடிக்காரனுக்குப் பகிடியா? விடுவானா?

"ஓம் வாப்பா, கழுத்து மட்டும் வெள்ளம்! எழும்பி வாங்க. தேத்தண்ணி ஊத்தியாச்சி!"

அத்தனை துவாரமும் ஒரே நேரத்தில் மூடியது.

மருத மரத்தில் இலை அசையவில்லை. மீன் துடிப்பது நின்றது. பிறகு அவன் முதுகுக்குப் பின்னால்... சளக். சுரிக்குள்ளிருந்து ஒரு காலைப் பிடுங்கி எடுக்கும் சத்தம். கொஞ்சம் பொறுத்து... சளக். மற்றக் கால்.

றவூப் திரும்பிப் பார்க்கவில்லை. பம்பை விட்டான், செருப்பை விட்டான், சைக்கிளில் பாய்ந்தான். மணலில் பின் டயர் அமுங்கியது. மீன் கனம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு முறுக்கினான்.

செங்கலடிச் சந்திக்கு வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. மீன் பெட்டியையும் மடுவிலேயே விட்டுவிட்டு வந்திருந்தான்.

இனி வீட்டுக்கு வாருங்கள். நம் பக்கத்தில் வீடு பெண்ணுடையது, உங்களுக்குத் தெரியும். மாப்பிள்ளை என்பவன் விருந்தாளி. சில பேர் நாற்பது வருடம் தங்குகிற விருந்தாளி, அவ்வளவுதான் வித்தியாசம்.

"இஞ்ச, வாசல்லயே நில்லுங்க!" என்றாள் றம்லா, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு. புருசனை அவள் கூப்பிடுவது 'இஞ்ச' என்றுதான். "யா அல்லாஹ், என்ன வெடில் இது? செத்த எருமைக்குள்ள படுத்து எழும்பினீங்களா?"

அவன் ஏதோ பகிடி சொல்ல வாயைத் திறந்தான். வாய் திறந்ததும் அவள் முற்றத்தில் ஓங்காளித்து வாந்தி எடுத்தாள்.

தேசிக்காய் தேய்த்தான். மஞ்சள் தேய்த்தான். வேப்பிலை அவித்துக் குளித்தான். கடைசியில் காத்தான்குடியில் போய் அத்தர் வாங்கித் தடவிக்கொண்டு வந்து நின்றான்.

"அத்தர் பூசின கருவாடு" என்றாள் றம்லா. சிரிக்கவில்லை. அழுதாள். "என்னால ஏலா. சோறு இறங்குதில்ல. வயித்தில பிள்ளை கிடக்கு. மணம் போனா வாங்க. அது மட்டும் கடையில படுங்க."

பாயும் தலையணையும் வாசலுக்கு வந்தன. றவூப் மீன் கடைப் பலகையில் படுத்தான். காலையில் பார்த்தால், வெறும் பலகையில் கிடந்த பாய் நனைந்திருக்கும். அவன் படுத்த பக்கமல்ல, பக்கத்துப் பக்கம். அந்த ஈரத்தில் விரல் நீள மீன் குஞ்சு இரண்டொன்று, வெள்ளைக் கண்ணோடு. குடிக்க வைத்த தண்ணீரில் ஆடை கட்டியிருக்கும். காறித் துப்பினால் செதில் வரும். வாடிக்கைக்காரர் நின்று போனார்கள். நாய் மட்டும் அவனுக்குச் சற்றுப் பின்னால் யாரையோ பார்த்து வாலைக் காலுக்குள் சொருகிக்கொள்ளும். மற்றவரைச் சிரிக்க வைத்தவனுக்கு இப்போது கேட்க ஆள் இல்லை. தலைப்பிள்ளை பிறந்தால் காதில் பாங்கு சொல்லவாவது அந்த வாசலைத் தாண்ட வேண்டுமே என்பதுதான் இரவெல்லாம் அவனுடைய ஒரே யோசனை.

வெட்கத்தை விட்டுக் கோணாமலையிடம் போனான். அவர் கிட்டே வரவில்லை. எருமைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு கேட்டார்.

"அது கேட்டதா?"

"கேட்டது."

"நீ என்ன சொன்ன?"

"ஓம் எண்டன். பகிடிக்கு அண்ணன்..."

கோணாமலை தூ என்று துப்பினார். "வருசா வருசம் கேக்கும் மனே. எங்கட அப்பன்ட காலத்திலயும் கேட்டது. 'இன்னும் இல்ல, கிடவுங்க' எண்டு சொல்லிப்போட்டு மாட்டச் சாய்ச்சிக்கொண்டு வாற. அவ்வளவுதான் சோலி."

"அது ஆர் அண்ணன்?"

"ஆரெண்டு கேக்கிறல்ல. இந்த ஆறு எத்தினை பேரக் கொண்டு போயிருக்கு? பாதி வருசம் ஆறு வாவிக்கே போறல்ல. கொண்டு போன ஆக்களயெல்லாம் எங்க வைக்கிற?" எருமையின் முதுகைத் தட்டினார். "மழை வரட்டும். வந்தா அதுட பாட்டில போகும். நீ எடுத்த விதைய மட்டும் மடுவுக்குத் திருப்பிக் குடு."

றவூப் வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். புரட்டாதி போனது. ஐப்பசியும் பாதி போனது. ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்த கையோடு, கடை ஓட்டில் முதல் துளி விழுந்தது. ஓடு படபடத்தது. அந்த நிமிடமே, யாரோ தோளிலிருந்து கையை எடுத்த மாதிரி, நாற்றம் போய்விட்டது. தன் கையை மோந்து பார்த்தான். வெறும் கை. மண் மணம். நடு ரோட்டில் நின்று நனைந்து குழந்தை மாதிரி அழுதான்.

நேரே வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் விதையைத் திருப்பிக் கொடு என்று கோணாமலை சொன்னது நெஞ்சைப் பிறாண்டியது. உன்னிச்சைக் குளத்தடியில் ஒருவனைக் கெஞ்சி, உயிரோடு விரால் குஞ்சும் பனையேறியும் ஒரு வாளி நிறைய வாங்கிக்கொண்டு சின்னாற்றுக்கு ஓடினான்.

ஆறு வந்துகொண்டிருந்தது. முதல் தண்ணீர், பார்த்திருக்கிறீர்களா? அது தண்ணீரல்ல. வெறும் தேத்தண்ணிக் கறுப்பு. எட்டு மாதத்து இலை, சாணி, செத்தது, அழுகினது, எல்லாவற்றையும் நுரையோடு உருட்டிக்கொண்டு பாம்பு மாதிரி மணலில் ஊர்ந்து வந்தது. மருத மரத்தடியில் வாளியைக் கவிழ்த்தான். குஞ்சுகள் வாலடித்து இறங்கின.

"இப்ப மெய்யாவே வந்திட்டு" என்றான் மடுவைப் பார்த்து. "போயிட்டு வாங்க. என்னை மன்னிச்சிருங்க."

மடு பதில் சொல்லவில்லை. அவனுக்கு நிம்மதியாக இருந்தது. பதில் சொல்ல உள்ளே ஆள் இருந்தால்தானே என்று அவன் யோசிக்கவில்லை.

வீட்டு வாசலுக்கு வரும்போது இரவு இஷாத் தொழுகையும் முடிந்திருந்தது. ஊர் முழுக்கக் கரண்ட் இல்லை. கதவு பூட்டியிருந்தது. தட்டினான்.

"ஆரு?"

"நான்தான் புள்ள. மணமெல்லாம் போயிட்டு. கதவத் திற."

உள்ளே வளையல் சத்தம் கதவடிக்கு வந்து நின்றது.

"ஆரு நீங்க, இந்த இருட்டில பகிடி உடுறீங்க?" என்றாள் றம்லா. "எங்கட ஆள் பின்னேரம் அசருக்கே வந்து படுத்திட்டாரே."

றவூப் கதவோடு கன்னத்தை வைத்தான். கதவுக்கு அடியால் வந்தது அந்த வெடில். வெயிலில் வெடித்த குஞ்சு, அவிந்த கண், அடிச்சுரி. நிலைக்கு வெளியே தண்ணீர் மெல்லக் கசிந்து அவன் கால் விரலைத் தொட்டது. வெதுவெதுப்பாக. அவனே மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டான். உள்ளே றம்லா ஒருமுறைகூட ஓங்காளிக்கவில்லை.

பிறகு, வாய் நிறையக் கஞ்சியோடு, யாரோ மெதுவாக அவளிடம் ஏதோ சொன்னார்கள். என்ன என்று விளங்கவில்லை.

றம்லா சிரித்தாள். கலியாணம் முடித்த புதிதில் சிரித்த அதே சிரிப்பு, மூச்சு முட்ட, நிறுத்த முடியாமல்...

"போதும்... போதும் இஞ்ச... வயிறு நோகுது..."