அத்தர் சீசா

டவுன் பஸ் கருவடிக்குப்பம் தாண்டியதும், எனக்கு முன் சீட்டிலிருந்த பெரியவரின் கையிலிருந்த அத்தர் சீசாவை மகள் வெடுக்கென்று பிடுங்கினாள்.

“அத்தர் வாசனைக்குத்தான நேத்து ஆஸ்பத்திரிலேர்ந்து திருப்பி அனுப்புனாங்க? ஆக்ஸிஜன் ரூம்ல தீப்பிடிச்சுக்கும் அத்தா.”

“இன்னிக்கு வெள்ளிக்கெழமம்மா.”

“நேத்து வியாழக்கெழம. இந்த ஆக்ஸிஜன் வைத்தியமும் இல்லன்னா தாடைய எடுத்துடுவாங்க, தெரியுமில்ல?”

பெரியவர் தாடையைத் துண்டால் பொத்திக்கொண்டார்.

“கேன்சருக்குக் கரண்ட் வெச்சு ஆறு வருஷம் ஆச்சு, இப்ப தாட எலும்பு அழுவிப்போவுது. அந்த ரூமுக்குள்ள என்கூட நாலு பேரு உக்கார்றாங்க. நாறுதும்மா.”

“அதெல்லாம் ஒண்ணும் நாறல.”

அவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

“அப்ப இவரு ஏம்மா கர்ச்சீப்பால மூக்க மூடிக்கிட்டு இருக்காரு?”