கூடத்தில் ஒரு கடல்

வீட்டில் என்ன உப்பு பயன்படுத்துகிறோம் என்று கேட்டீர்கள், டாக்டரம்மா. சமையலுக்குக் கல்லுப்புதான். அது தவிர இன்னொரு உப்பும் இருந்தது. கூடத்தில், மூடி போட்ட ஒரு பெரிய பக்கெட்டில். அது மீன் தொட்டிக்கு.

என் மகனின் கல்லீரல் ஏன் இப்படிக் கெட்டது என்று தெரிந்தால்தான் சரியான மருந்து கொடுக்க முடியும் என்கிறீர்கள். சொல்கிறேன். முதலிலிருந்து சொன்னால்தான் உங்களுக்குப் புரியும்.

நாகேஷ் என் ஒரே பிள்ளை. அவன் அப்பா போன பிறகு அல்சூர் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம். பிறகு சங்கமித்ரா மருமகளாக வந்தாள். நல்ல பெண், குறை சொல்ல ஒன்றுமில்லை. சாஃப்ட்வேர் கம்பெனியில் நாகேஷுக்கு வேலை நிலைத்ததும் கூடத்துச் சுவரை ஒட்டி ஒரு கண்ணாடித் தொட்டி வைத்தான். வழக்கமான தங்கமீன் தொட்டி இல்லை. உயிருள்ள பவளம், வரிபோட்ட இறால், பாறை இடுக்கில் ஒளிந்துகொள்ளும் நண்டு. பெங்களூரில் கடலுக்கு எங்கே போவது? தண்ணீரில் உப்பைக் கரைத்து நாமேதான் செய்துகொள்ள வேண்டும்.

எந்த உப்பு என்பதில்தான் அவனுக்கு ஓயாத யோசனை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று உப்பைத் தனித்தனிக் கண்ணாடித் தம்ளரில் கரைத்து மேசைமேல் வைத்தான். ஒன்று இங்கேயே ஒரு கடைக்காரர் கலந்து விற்பது. மற்ற இரண்டும் வெளிநாட்டுச் சரக்கு.

"என்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப கூட இவ்ளோ நேரம் பாக்கல, அத்தை," என்றாள் மித்ரா.

"உன்னைக் கரைச்சுப் பாக்க முடியாதே," என்றான் அவன்.

"கரைச்சுட்டாலும்!"

"மா, நீ சொல்லு. எதை எடுக்கலாம்?"

"என்னைக் கேட்டா? நான் என்ன சாம்பாருக்கா போடப்போறேன்?"

"இங்க பாரு, இதுல அடியில மண்டி நிக்குது. இது சும்மனே வெள்ளையா இருக்கு, சுண்ணாம்புச் சத்து பத்தாது. எதை எடுத்தாலும் செம்பு மட்டும் கலந்திருக்கக் கூடாது. மீனாவது ஸ்வல்பம் தாங்கும். பவளம், இறால் எல்லாம் செம்பு பட்டா அவ்ளோதான்."

மித்ரா ஒரு தம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "இதையே வாங்குங்க. தண்ணி தெளிவா இருக்கு." அப்படி அது அவள் தேர்ந்தெடுத்த உப்பு ஆயிற்று.

அந்த மழைக்காலத்தில்தான் கம்பெனி அவனை அமெரிக்காவுக்கு அனுப்பத் தீர்மானித்தது. மித்ராவும் உடன் போவாள். "ரெண்டு வருஷந்தான்மா," என்றான். இரண்டு வருஷம் என்று சொல்லிவிட்டுப் போன யாரும் எங்கள் தெருவுக்குத் திரும்பி வரவில்லை. பிள்ளைகளின் முன்னேற்றத்துக்குக் குறுக்கே நிற்கிற தாய் நான் இல்லை.

முதல் முறை நடந்தது உண்மையாகவே தவறு. தொட்டித் தண்ணீர் ஆவியாகிக் குறையும். குறைந்த அளவுக்கு வெறும் தண்ணீர் விட வேண்டும். அதற்கென்று வடிகட்டி வைத்திருந்தது தீர்ந்துபோயிருந்தது. எங்கள் வீட்டில் குடிக்கிற தண்ணீரை முதல் நாளே செம்புக் குடத்தில் பிடித்துவைத்து மறுநாள்தான் குடிப்போம். உடம்புக்கு நல்லது என்று என் மாமியார் காலத்திலிருந்து வழக்கம். நல்ல தண்ணீர்தானே என்று அதிலிருந்து மொண்டு சில நாள் ஊற்றினேன்.

இறால்கள் ஒவ்வொன்றாகக் கவிழ்ந்தன. பவளம் சுருங்கி வெளுத்தது. நாகேஷ் தொட்டி முன்னாலேயே உட்கார்ந்து ஆபீசுக்குப் போன் செய்தான்.

"சார், ஒரு மாசம் தள்ளிப் போடுங்க சார். இதை இப்படியே விட்டுட்டு என்னால கிளம்ப முடியாது."

அடுக்களையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த எனக்கு அது காதில் விழுந்தது. அப்போதுதான் குடத்தைப் பார்த்தேன். செம்பு ஆகாது என்று அவன் சொன்னது ஞாபகம் வந்தது. போய்ச் சொல்லியிருக்கலாம். ஆனால் அதற்குள் அவன் உப்பைச் சந்தேகப்பட ஆரம்பித்திருந்தான்.

"உன் செலக்‌ஷன்தானே இது?"

"தண்ணி தெளிவா இருக்குன்னேன். அதுக்குள்ள என்ன இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்? தம்ளர் வெச்சுப் பரீட்சை நடத்துனது நீங்க."

உப்பை மாற்றினான். தொட்டி தேறியது. கம்பெனியும் மறுபடி தேதி சொன்னது. அதற்குப் பிறகு நான் ஊற்றியதெல்லாம் தவறுதலாக இல்லை. தேதி வந்தால் ஊற்றுவேன், தள்ளிப்போனால் நிறுத்திவிடுவேன். எனக்கு அந்த உயிர்கள்மேல் விரோதம் கிடையாது.

மூன்று உப்பையும் மாற்றி மாற்றிப் பார்த்தான். அவள் எடுத்த உப்பில்தான் தொடங்கியது என்று ஒவ்வொரு முறையும் பழி மித்ராமேல் விழுந்தது. கடைசியில் அவள் நீலசந்திராவில் இருக்கிற அம்மா வீட்டுக்குக் கிளம்பினாள். நான்தான் ஆட்டோ பிடித்துவந்தேன். ராத்திரிக்கு ஆகும் என்று எலுமிச்சம்பழச் சாதமும் கட்டிக் கொடுத்தேன்.

அதற்குள் தொட்டியில் எதுவும் மிஞ்சவில்லை. கண்ணாடித் தொட்டியை யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டான். காலியான சுவரைப் பார்த்தபடி, "போதும்மா. இனிமே இங்க எனக்கு என்ன இருக்கு?" என்றான். பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். என்னிடமே கேட்டான்.

நீலசந்திராவுக்குப் போய் மித்ராவைச் சமாதானம் செய்து கூட்டிவந்தான். டிக்கெட்டும் எடுத்துவிட்டான்.

அதன் பிறகுதான் மோரைச் செம்புப் பாத்திரத்தில் ஊற்றிவைக்க ஆரம்பித்தேன். ஈயம் பூசாத பாத்திரத்தில் புளிப்பை வைத்தால் களிம்பு ஏறும் என்பது சமைக்கிற எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். மித்ரா சளி பிடிக்கும் என்று மோரைத் தொட மாட்டாள். அவன் குடிப்பான்.

"என்னம்மா, மோர் ஒரு மாதிரி கசக்குது?"

"வெந்தயம் போட்டிருக்கேன்டா. உடம்புச் சூட்டுக்கு."

"ஆரம்பிச்சிட்டியா உன் வைத்தியத்தை," என்று சிரித்துவிட்டு முழுவதும் குடித்தான்.

வாந்தி எடுத்தான். டிக்கெட்டை மாற்றினான். என் மடியில் தலைவைத்துப் படுத்தான். கல்யாணத்துக்குப் பிறகு அவன் அப்படிப் படுத்ததே இல்லை. மித்ராகூட என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க இல்லேன்னா நான் தனியா என்ன பண்ணுவேன், அத்தை," என்று அழுதாள். "நான் எங்கடி போகப்போறேன்," என்றேன். வீடு வெகுநாளைக்குப் பிறகு வீடாக இருந்தது.

அவன் கண் மஞ்சளானபோது நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தத்தான் நினைத்தேன். ஆனால் மாற்றிய டிக்கெட்டின் தேதியும் நெருங்கிக்கொண்டிருந்தது.

இவ்வளவுதான், டாக்டரம்மா. உப்பில் எந்தக் கோளாறும் இல்லை. வெளியே உட்கார்ந்திருக்கிற அந்தப் பெண்ணிடம் அதைச் சொல்லிவிடுங்கள், தன்னால்தான் எல்லாம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். செம்புக்கு என்ன மருந்தோ அதை உடனே கொடுங்கள். போலீசுக்கும் நீங்கள் எழுதித்தான் ஆக வேண்டும். எழுதுங்கள், நான் சொன்னதையெல்லாம் எழுதுங்கள். அவனைக் கொல்லப் பார்த்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். செத்துப்போனால் அவன் என்னை விட்டுப் போய்விடுவானே.