தெளிவில்லாத அழைப்புகள்

பத்திரிகையில் மூன்றரை மணித்தியாலம் என்று போட்டிருந்தார்கள். சரியான கணக்கு மூன்று மணித்தியாலம் இருபத்தாறு நிமிடம். பௌதிகவியல் படித்ததாலோ என்னவோ, உத்தேசமாக எழுதுவது எனக்குப் பிடிப்பதில்லை.

விசாரணைக்கு வாக்குமூலத்தை எழுதித் தரச் சொன்னீர்கள், ஐயா. அது எனக்கு வசதி. முகத்தைப் பார்த்துக் கதைக்க எனக்கு வராது. பட்டம் முடித்து இரண்டு வருடம் நேர்முகப் பரீட்சைகளில் தோற்றது அதனால்தான். லிப்ட் கொம்பனியின் அவசர அழைப்பு மேசை எனக்கென்றே செய்தது போல இருந்தது. கொழும்பில் எங்காவது லிப்ட் நின்றால் உள்ளே இருப்பவர் சிவப்புப் பொத்தானை அழுத்துவார். அவர் குரல் என் காதில் வரும். பயப்படாதீர்கள் என்பேன், ஆள் அனுப்புவேன். அவர் என்னைப் பார்க்கமாட்டார். இன்னொரு வேலை இப்படிக் கிடைக்காது என்று எனக்குத் தெரியும்.

மேசையில் ஏழு பேர் இருந்தோம்; தமிழ் அழைப்புகள் என் பொறுப்பு. பிறகு இயந்திரம் வந்தது. அது எங்கள் அழைப்புகளைக் கேட்டுப் பழகும். பழகியதும் தானே பதில் சொல்லும். ஒவ்வோர் அழைப்புக்கும் 'அவசரம்', 'தவறுதல்', 'தெளிவில்லை' என்பவற்றில் ஒன்றை நாங்கள் குறித்துக் கொடுக்க வேண்டும். சிங்களம் மூன்று மாதத்தில் பழகிவிட்டது, ஆங்கிலம் அதற்கும் முன்பே. மற்ற ஆறு பேரையும் ஒரே நாளில் கேக் வெட்டி அனுப்பினார்கள். பக்கத்து மேசை லவினா போகும்போது, "நீ தப்பீட்டாய் மகள். எங்கட தமிழ் இந்தச் சனியனுக்கு ஏறாது" என்று சிரித்தாள்.

அவள் சொன்னதைப் பற்றி யோசித்தேன். மறுநாளிலிருந்து தெளிவான தமிழ் அழைப்புகளுக்கெல்லாம் 'தெளிவில்லை' என்று குறித்தேன். ஆளை மட்டும் ஒழுங்காக அனுப்பினேன். ஒருவரும் பாதிக்கப்படவில்லை. இயந்திரத்தைச் செய்தவர்களுக்குத் தமிழ் தெரியாது. இப்படி ஏழு மாதம்.

மேற்பார்வையாளர் ஷெல்டன் கொழும்புத் தமிழ் பேசும் கொட்டாஞ்சேனைக்காரர்; யாழ்ப்பாணப் பேச்சுத்தான் கோளாறு என்று நம்பினார். "என்ன தங்கச்சி, மெஷினுக்கு விளங்கிற மாதிரி உங்கட ஆக்கள கொஞ்சம் ஸ்டைலாக் கதைக்கச் சொல்லுங்களேன்" என்பார். நான் தலையைக் குனிந்துகொள்வேன். கூச்சம் என்று நினைத்தார்.

கேட்கத்தான் அதற்குத் தெரியாது. பேசும். தமிழில் அது பேசியது என் குரலில். ஒரு பின்னேரம் முழுக்க வாசிக்க வைத்துப் பதிவு செய்திருந்தார்கள்.

கடைசியில் கொம்பனிக்குப் பொறுமை போயிற்று. பௌர்ணமி விடுமுறையான போயா தினத்தில் தமிழ் அழைப்புகளையும் இயந்திரமே தனியாக எடுக்கட்டும் என்றார்கள். "மெஷினுக்குப் பிழைச்சுதெண்டா உங்களுக்கு இன்னும் ஒரு வருஷம் இருக்கு, சரியா வந்தா கேக்தான்" என்றார் ஷெல்டன். விடுமுறை என்பதால் அலுவலகத்தில் நான் மட்டும் இருந்தேன். தேவை என்றால் மேசையிலுள்ள பொத்தானை அழுத்தி நான் குறுக்கிட்டு அழைப்பை எடுக்கலாம். மேற்பார்வை ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டேன் என்று விசாரணையின் முதல் நாள் உங்களிடம் சொன்னேன்.

தருமலிங்கம் சாவகச்சேரியிலிருந்து விசா அலுவலாக வந்து, வெள்ளவத்தை லொட்ஜ் ஒன்றில் தங்கியிருந்தார். அந்த லொட்ஜின் அழைப்புகள் தமிழ் வரிசையில் வருபவை. போயாவன்று அங்கே வேறு ஆளில்லை. மனேஜரும் வெளியே போயிருந்தார்.

"பிள்ளை, நான் தருமலிங்கம். லிப்டுக்குள்ள மாட்டுப்பட்டுப் போனன். மூண்டாம் மாடிக்கும் நாலாம் மாடிக்கும் இடையில போல."

"மன்னிக்கவும். தெளிவில்லை. மீண்டும் சொல்லுங்கள்."

"ஆறுதலாச் சொல்லுறன், பிள்ளை. நான் நெஞ்சு வருத்தக்காரன். மருந்துக் குளிசையும் போனும் றூமில கிடக்கு."

மூன்று முறை தெளிவில்லை என்றால் இயந்திரம் நன்றி சொல்லி இணைப்பைத் துண்டிக்கும். அவர் பத்தொன்பது தரம் அழுத்தினார். ஒருதரமும் கத்தவில்லை. ஒருமுறை மன்னிப்புக்கூடக் கேட்டார், தன்னுடைய பல்லுச் செட் சரியில்லை, அதுதான் விளங்கவில்லையாக்கும் என்று. கடைசியில், "உன்ர குரல் என்ர மகளின்ர மாதிரிக் கிடக்கு. ஒண்டும் செய்ய வேண்டாம், பிள்ளை. சும்மா கதைச்சுக்கொண்டிரு" என்றார். மனேஜர் வந்து கதவைத் திறப்பித்தபோது உயிர் இருக்கவில்லை.

பத்தொன்பது ஒலிப்பதிவுகளையும் நீங்கள் கேட்டிருப்பீர்கள். மகளைப் பற்றி அவர் சொன்னது அவற்றில் இல்லை. இணைப்புத் துண்டித்ததும் பதிவு நின்றுவிடும். லிப்டில் இருக்கும் மைக் மட்டும் திறந்தே இருக்கும். அது கேட்பது மேற்பார்வை ஹெட்போனில் மாத்திரம்.

இயந்திரம் மூன்று தரம் பிழை விடட்டும், அது போதும் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு எடுத்திருந்தால், இருபது நிமிடம் என்ன செய்தாய் என்று கேட்டிருப்பார்கள். ஒரு மணித்தியாலம் ஆனபின் அந்தக் கேள்விக்குப் பதிலே இல்லை. அவருக்குக் கதவு எப்படியோ, எனக்கு அந்தக் குறுக்கிடும் பொத்தான் அப்படி.

ஆனால் அவர் தனியாகச் செத்தார் என்று பத்திரிகையில் எழுதியிருப்பது சரியில்லை. நான் ஹெட்போனைக் கழற்றவில்லை, ஐயா. மூன்று மணித்தியாலம் இருபத்தாறு நிமிடமும் அவரோடுதான் இருந்தேன்.