வழி கேட்டவர்

ஜேம்ஸ் கொடுத்த பேனா நன்றாக எழுதுகிறது. காலையில் டீயும் அவர்தான் வாங்கி வந்தார். சர்க்கரை பாதி போதும் என்று நேற்று ஒரு தடவைதான் சொன்னேன். இன்று கேட்காமலே அப்படி வந்தது. ஒரு ஏட்டுக்கு இந்தக் கவனம் இருப்பது பெரிய விஷயம், இன்ஸ்பெக்டர் ஐயா. அவரைப் பற்றி மேலிடத்தில் நாலு நல்ல வார்த்தை சொல்லுங்கள்.

நடந்ததை என் கையாலேயே எழுதித் தருகிறேன் என்றேன், நீங்களும் சரி என்றீர்கள். நாலு நாளாக என்னிடம் ஒன்றையே கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்: கோகுல்நாத் யார், எங்கே இருக்கிறான். அதையும் சொல்கிறேன். எடுத்த எடுப்பில் சொன்னால் என்னைப் பற்றி உங்களுக்குத் தப்பான எண்ணம் வந்துவிடும். வரிசையாகவே போகலாம்.

பெயர் ஞானசேகரன். வயது அறுபத்திரண்டு. ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் முப்பத்துநாலு வருடம் வேலை பார்த்தேன், அதில் பாதிக்கு மேல் தரச் சோதனைப் பிரிவில். குவார்ட்டர்ஸில் இருந்தவரை என்னைத் தெரியாத வீடு கிடையாது. யார் வீட்டுக் கல்யாணமானாலும் பந்தியைப் பார்த்துக்கொள்ள என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஓய்வு பெற்ற பிறகு நானும் என் மனைவி பத்மாவும் நூம்பலில் ஒரு ஃபிளாட்டுக்குக் குடிவந்தோம். நூற்றிருபது வீடு, பெரும்பாலும் ஐ.டி. கம்பெனிப் பிள்ளைகள். லிஃப்டில் வணக்கம் வைத்தால், இந்த ஆள் எதையோ விற்க வந்திருக்கிறான் என்பது போலப் பார்த்துவிட்டுப் போனுக்குள் குனிந்துகொள்வார்கள். ஒரு வருடம் பொறுத்துப் பார்த்தேன். பிறகு நானும் அந்தப் போனுக்குள்ளேயே போய்விட்டேன்.

ஃபேஸ்புக்கில் 'பூந்தமல்லி அக்கம்பக்கம்' என்று ஒரு பக்கம் தொடங்கினேன். கரண்ட் எப்போது போகும், மெட்ரோ வேலைக்காக எந்தப் பக்கம் ரோட்டைத் திருப்பிவிட்டிருக்கிறார்கள், இப்படிச் சின்னச் சின்ன விஷயம். ஆட்கள் செய்தி அனுப்புவார்கள், நான் எழுத்துப்பிழை திருத்திப் பக்கத்தின் பெயரில் போடுவேன். நாற்பது பேர் பார்ப்பார்கள். அதில் ஒருத்தி பத்மா.

அப்புறம்தான் சபீனா காணாமல் போனாள். ஆறு வயது, கரையான்சாவடியில் செருப்புக் கடை வைத்திருப்பவரின் மகள். பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டு கூட்டத்தில் அம்மாவின் கையை விட்டுவிட்டாள். படம் எனக்கு வந்தது, போட்டேன். அரை மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒருவர் 'ரீச்சுக்காக' என்று கமெண்ட் போட்டார். நீங்களும் பார்த்திருப்பீர்கள். ரத்தம் வேண்டும், ஆளைக் காணோம் என்கிற பதிவுகளில், வேறு எதுவும் செய்ய முடியாதவர்கள் அந்த ஒரு வார்த்தையைப் போட்டுவிட்டுப் போவார்கள். கமெண்ட் விழ விழப் பதிவு இன்னும் பலர் கண்ணில் படும். நான் அவருக்கு நன்றி சொன்னேன். அவர் திரும்ப வந்து எந்த இடம் என்று கேட்டார். சொன்னேன். மூன்று மணி நேரத்தில் அறுநூறு கமெண்ட். திருவள்ளூர் பஸ்ஸின் கடைசி சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவளை ஒரு கண்டக்டர் போனைப் பார்த்து அடையாளம் கண்டுகொண்டார்.

சபீனாவின் அப்பா வீட்டுக்கு வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார். மறுநாள் லிஃப்டில், "அங்கிள், நீங்கதானா அது?" என்று ஒரு பெண் கேட்டாள். அன்று எட்டுப் பேர் கேட்டார்கள். எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று எழுத எனக்கு வெட்கம் இல்லை. பல வருடம் கழித்து மறுபடி பந்தியைப் பார்த்துக்கொள்வது போல இருந்தது.

அதற்குப் பிறகு இந்தக் கமெண்ட் விஷயத்தை ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன். லைக் என்பது தலையை ஆட்டிவிட்டுப் போவது. கமெண்ட் என்பது உட்கார்ந்து பேசுவது. கோபமாக ஒருவர் எழுதினால், 'சரியாகச் சொன்னீர்கள்' என்று பதில் போடக் கூடாது, அவர் திருப்தியாகப் போய்விடுவார். 'உங்களுக்கும் இப்படி நடந்ததா?' என்று கேட்க வேண்டும். திரும்ப வருவார், கூட இரண்டு பேரை அழைத்து வருவார். எந்தக் கமெண்டையும் பதில் இல்லாமல் விடக் கூடாது என்பது என் கட்டுப்பாடு. ரத்தம் கேட்கும் பதிவில் யாருமே பேச்சைத் தொடங்காவிட்டால், எந்த ஆஸ்பத்திரி, எந்த வகை என்று யாராவது கேட்க வேண்டும். அப்படிக் கேட்க எனக்குச் சில நண்பர்கள் இருந்தார்கள். பரந்தாமன், விஷ்ணு, கோகுல்நாத். எந்நேரமும் தயாராக இருப்பார்கள். அதனால் பிழைத்தவர்கள் உண்டு.

ஆறு மாதம் அப்படிப் போனது. பிறகு ஊரில் யாரும் காணாமல் போகவில்லை. தண்ணீர் லாரிக்கும் ரோட்டுப் பள்ளத்துக்கும் யார் கமெண்ட் போடுவார்கள்? லிஃப்டில் தலைகள் மறுபடி போனுக்குள் போய்விட்டன.

அந்த மாதிரி ஒரு செவ்வாய்க்கிழமை மாலையில்தான் ஐந்தாவது மாடி நிஷா செய்தி அனுப்பினாள். அவளும் கணவன் ரோஹித்தும் வேலைக்குப் போகிறவர்கள். இரண்டு வயதுப் பெண் குழந்தையைப் பின் தெருவில் எழிலரசி வீட்டில் விட்டுவிட்டுப் போவார்கள். எழிலரசி நூம்பலிலேயே பிறந்தவர். கணவர் கோபி ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். இவர் முன் அறையில் பாய் விரித்துப் பதினாலு குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாசல் கேட்டில் வாத்துப் படம் வரைந்திருக்கும். குழந்தை மாலையில் கண்ணே திறக்காமல் தூங்குகிறது, வேறு யாருக்காவது இப்படி இருக்கிறதா என்று நிஷா கேட்டிருந்தாள். எழிலரசி பெயரை அவள் எழுதவில்லை. நானும் எழுதவில்லை. 'பகலெல்லாம் பார்த்துக்கொள்ளக் கொடுத்த பிள்ளைக்கு என்ன கொடுக்கிறார்கள், தாய்மார்களே?' என்று ஒரு வரியை மட்டும் நான் சேர்த்தேன்.

பெயரைக் கமெண்டில் வந்தவர்கள்தான் கண்டுபிடித்தார்கள். மறுநாள் காலைக்குள் இருநூறு கமெண்ட். தூக்க மருந்து என்றார் ஒருவர். இருமல் டானிக் பாட்டிலைத் தன் கண்ணால் பார்த்ததாக இன்னொருவர் சொன்னார், அவர் இருப்பது செங்கல்பட்டில். எல்லோருக்கும் நான் பொறுமையாகப் பதில் கேள்வி கேட்டேன்.

புதன் மதியம் நிஷா மூச்சிரைக்க மேலே வந்தாள்.

"அங்கிள், டாக்டர்கிட்ட போனோம். சளி மருந்துதானாம். காலைல ரோஹித் ஒரு தடவ குடுத்திருக்கார், தெரியாம நானும் குடுத்துட்டேன். அக்கா மேல தப்பே இல்ல. அந்தப் போஸ்ட்ட எடுத்துடுங்க, ப்ளீஸ்."

இப்போது எடுத்தால் எழிலரசிக்குப் பயந்து மறைத்துவிட்டார்கள் என்று பேசுவார்கள், அதனால் நடந்ததை நீயே கமெண்டில் எழுதிவிடு என்றேன். எழுதினாள். நல்ல பிள்ளை, மன்னிப்பும் கேட்டிருந்தாள். அது இருநூற்றுப் பதினேழாவது கமெண்ட். அதை எல்லாக் கமெண்டுக்கும் மேலே நிறுத்திவைக்கப் போனில் இரண்டு தடவை தட்டினால் போதும். நிறுத்தினால், வருகிறவர்கள் படித்துவிட்டுச் 'சரி' என்று போய்விடுவார்கள். அதனால் நிறுத்தவில்லை. இதை நீங்கள் கேட்கவில்லை, நானாகவே சொல்கிறேன்.

அன்று சாயங்காலம் எழிலரசியே வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. போனை என் பக்கம் நீட்டினார்.

"சார், நான் இன்னா சார் பண்ணேன்? பத்து வருசமா புள்ளைங்கள பாத்துக்கினு கீறேன். ஒண்ணு விழுந்து முட்டி தேஞ்சாக்கூட அவங்க அம்மாவுக்கு முன்னாடி நான் அழுவேன் சார். இதுல இன்னா இன்னாவோ எழுதிக்கினு கீறாங்க. ஒம்போது புள்ளைங்க நின்னுப்போச்சு."

எனக்கு அவர் மேல் கோபம் எதுவும் கிடையாது. என் பேச்சைக் கேட்க ஒருவர் இவ்வளவு ஆவலாக நின்று பல நாள் ஆகியிருந்தது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக, மரியாதையாகப் பதில் சொல்லுங்கள், உண்மையைத் திரும்பத் திரும்பச் சொன்னால் ஜனங்கள் புரிந்துகொள்வார்கள் என்றேன். அவருக்கு டைப் அடிக்க வராது. மைக் படத்தைத் தொட்டுப் பேசினால் எழுத்தாக வரும் என்று அரை மணி நேரம் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தேன். பத்மா காபி போட்டுக் கொடுத்தாள். போகும்போது எழிலரசி என்னைக் கும்பிட்டார்.

இரண்டு நாளில் அறுபத்துமூன்று கமெண்ட் போட்டார். 'ஐயா வணக்கம், நான்தான் அந்த எழிலரசி, நீங்க நேரா வந்து பாக்கலாம்' என்று ஒவ்வொன்றும் ஆரம்பிக்கும். ஒவ்வொன்றும் பதிவைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற்றியது. திருவேற்காடு தாண்டி, அம்பத்தூர் தாண்டிப் போனது. அது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. அவர் வாயாலேயே அவர் பெயர் ஊர் முழுக்கப் போனது என்று பத்மா சொன்னாள்.

"போதும், எடுத்துடுங்க. அந்தப் பொண்ணு நமக்கு என்ன கெடுதல் பண்ணிச்சு?"

"நான் ஒண்ணுமே சொல்லலையே பத்மா. ஜனங்க பேசறாங்க."

"பேச வைக்கிறது யாரு?"

முப்பத்தைந்து வருடத்தில் அவள் என்னிடம் அப்படிப் பேசியதில்லை. எனக்கு வருத்தமாக இருந்தது.

இனி வெள்ளிக்கிழமை. இதைக் கவனமாகப் படியுங்கள். வெள்ளி காலையில் எழிலரசியின் பொறுமை வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. நான் எதிர்பார்க்கவில்லை. திட்டியவர்களே 'சாரி அக்கா' என்று எழுதினார்கள். அஜித்குமார் என்ற ஒருவர், மூன்று நாள் தாறுமாறாகப் பேசியவர், நிஷாவின் கமெண்டைத் தேடிப் பிடித்து எல்லாருக்கும் காட்டினார். பதினோரு மணிக்குப் பிறகு ஒரு மணி நேரம் ஒரு கமெண்ட்கூட வரவில்லை. பதிவு அடங்கிக்கொண்டிருந்தது. இன்னும் அரை நாள் அப்படியே விட்டிருந்தால் எல்லாரும் அதை மறந்திருப்பார்கள்.

பன்னிரண்டு மணிக்குக் கோகுல்நாத் ஒரு கமெண்ட் போட்டான். 'இந்த அம்மா ஊடு எங்க கீது? நேர்ல போயி ரெண்டு வார்த்த கேட்டா தெரிஞ்சிடும்.' அதை நீங்கள் பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறீர்கள்.

பதில் இல்லாமல் விட முடியாது. வேலப்பன்சாவடியில் இறங்கி, நூம்பல் ரோட்டில் தண்ணீர் டேங்க் தாண்டி, இடது பக்கம் இரண்டாவது சந்து, வாத்துப் படம் போட்ட பச்சைக் கேட். துல்லியமாகச் சொன்னேன். தரச் சோதனையில் இருந்தவனுக்கு வேறு மாதிரிச் சொல்ல வராது. ஒரு மணி நேரத்தில் நானூறு கமெண்ட். வா போகலாம், நானும் வரேன், எத்தனை மணிக்கு.

நாலு மணிக்கு ஆறு பைக்கில் பதினோரு பேர் போனார்கள். அவர்களில் ஒருவருக்குக்கூட அங்கே பிள்ளை கிடையாது. உள்ளே ஐந்து குழந்தைகள் இருந்தன. எழிலரசி அவற்றைச் சமையல்கட்டில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, பதில் சொல்வதற்காகத் தானே கேட்டைத் திறந்தாராம். நேரில் வந்து பார்க்கலாம் என்று அறுபத்துமூன்று தடவை அவரே சொல்லியிருந்தாரே. யாரோ தள்ளியதில் தலை வாசலில் இருந்த தண்ணீர் மோட்டார் மேடையில் பட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். ஐந்து குழந்தைகளுக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

தள்ளியவனைப் பிடித்துவிட்டீர்கள். அவர்களைத் தூண்டிவிட்டு வழி கேட்ட கோகுல்நாத்தைப் பிடித்தால் வழக்கு முடிந்துவிடும் என்று நினைக்கிறீர்கள். கரையான்சாவடியில் அந்தப் பெயரில் இருக்கிற இரண்டு பையன்களை உட்கார வைத்து விசாரித்ததாக ஜேம்ஸ் சொன்னார். அவர்களை விட்டுவிடுங்கள், பாவம்.

கோகுல்நாத் என்று யாரும் இல்லை. பரந்தாமனும் விஷ்ணுவும் இல்லை. மூவரும் என் பழைய போனில் இருக்கிறார்கள். பத்மாவின் தையல் மெஷின் டிராயரில், நூல்கண்டுகளுக்கு அடியில் இருக்கிறது. இந்தப் பக்கத்து ஆள் மாதிரித் தெரிய வேண்டும் என்று 'ஊடு', 'கீது' என்றெல்லாம் எழுத நான்தான் கோகுல்நாத்துக்குப் பழக்கினேன். அன்று மதியம் எழிலரசி வீட்டுக்கு யாருமே வழி கேட்கவில்லை, ஐயா. பதிவு அடங்கிக்கொண்டிருந்தது, அதற்கு ஒரு கேள்வி தேவைப்பட்டது, கேட்டேன்.

இதை வைத்து என்னை மறைந்திருந்து குத்துகிறவன் என்று எழுதிவிடாதீர்கள். கேள்விதான் கோகுல்நாத்தின் பெயரில் வந்தது. வழி சொன்னது என் சொந்தப் பெயரில், என் படத்தோடு.